லவுரேந்தியாரின் முகம்

பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் ஜெம்மா பீடத்தின் முன்னால் முழந்தாளிட்டே இருந்தாள். பீடத்துப் படத்தில் மாதா மடியில் குழந்தையோடு அமர்ந்திருந்தாள். வலப்பக்கம், பிடுங்கப்பட்ட கண்களைத் தட்டில் ஏந்திய லூசியம்மாள். இடப்பக்கம், தன்னைச் சுட்ட இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி புனித லவுரேந்தியார். அந்த வேதசாட்சிக்கு ஜெம்மாவின் கணவன் வான்னியின் முகம்.

வான்னி கோவேறு கழுதை ஓட்டுகிறவன். ஓவியர் தாத்தேயோவுக்குப் பலகை இறக்க வந்தவனை அவர் ஐந்து நாள் நிற்கவைத்து வரைந்தார். அடுத்த வருஷம் பிரபுவின் படைக்குச் சுமை ஏற்றிப் போனான். படை திரும்பியது, அவன் திரும்பவில்லை. செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை. மூன்று வருஷமாக அவனைப் பார்க்க அவளுக்கு இந்த ஓர் இடம்தான்.

"ஊரெல்லாம் சாமியக் கும்பிடுது. இவ கழுதைக்காரனக் கும்பிடுறா" என்று கிணற்றடியில் சிரித்தார்கள். பேச்சு மடத்துத் தலைவரின் காதுக்குப் போனது.

"நீ யாரக் கும்பிடுற, ஜெம்மா?" என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். "கும்பிட வரல சாமி. பாக்க வர்றேன்" என்றாள்.

மறுவாரமே அந்த முகத்தை மாற்றி வரைய தாத்தேயோ சாரம் கட்டினார்.

"ஒரு நாள் பொறுங்கய்யா" என்றாள் ஜெம்மா.

"நாளைக்கு வந்து இன்னொரு நாள் கேப்ப. நான் என்னம்மா செய்ய, சாமி சொல்லிட்டாரு." தூரிகையைத் துடைத்தபடி கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். "சரி, மேல ஏறி வா. கிட்ட நின்னு பாத்துக்க."

ஏறினாள். ஒரு சாண் தூரத்தில் அங்கே முகமே இல்லை. பழுப்பும் பச்சையுமாகக் கோடுகள்தாம் இருந்தன. அவள் பதறிப் பின்வாங்கினாள்.

"தள்ளி நின்னாத்தாம்மா ஆளு தெரியும்" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை, படத்தில் வான்னி இருந்த இடத்தில் யாரோ ஒரு வெளுத்த பையன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜெம்மாவால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குனிந்து முழந்தாளிட்டாள். அவள் கண்ணுக்கு நேரே லவுரேந்தியாரின் வெறும் பாதங்கள் இருந்தன. தலைவர் மாற்றச் சொன்னது முகத்தை மட்டும்தான்.

இடது கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. அவனை வரைந்த வாரம் கழுதை மிதித்தது. எண்ணெய்த் துணி சுற்றிவிட்டவள் அவள்தான். அவன் படையோடு போவதற்கு முன்பே அந்த நகம் விழுந்து புதுசு முளைத்துவிட்டது.

இங்கே இன்னும் ஆறவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சம் அந்த நகத்தின்மேல் அசைந்துகொண்டிருந்தது.