கடைசி நாலு வரிசை

அண்ணன் நேராகக் கடைசி வரிசைகளை நோக்கி நடப்பதைப் பார்த்ததும் தங்கை பின்னாலேயே ஓடினாள். முப்பத்திரண்டு வரிசை சோயா. இலையில் இன்னும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் அவன் கால் எங்கே போகக்கூடாதோ அங்கேதான் போனது.

அமிலம் மிகுந்த, புளித்த மண் அது. எதைப் போட்டாலும் முழங்கால் உயரம் வருமுன் மஞ்சளித்துவிடும். அலுத்துப்போன அண்ணன், காகித ஆலைக்கு மரம் வளர்க்க நிலத்தைப் பன்னிரண்டு வருஷத்துக்கு விடுவதாகப் பேசிவிட்டான். இவள்தான் மண் பரிசோதனைக் கூடத்துக்கு நடையாய் நடந்து நுண்ணுயிர்ப் பொட்டலம் வாங்கி வந்தவள். வேரில் முடிச்சுக் கட்டிக் குடியிருந்து, காற்றிலிருந்தே செடிக்கு உரம் எடுத்துத் தரும் உயிர்கள். ஒரே ஒரு போகம் கேட்டாள். நாலு வாரத்தில் வேரில் முடிச்சு இருந்தால் பார்க்கலாம் என்றான் அவன்.

விதையில் அதைப் பூசி, மண்ணின் புளிப்பு தாக்காமலிருக்க மேலே சுண்ணாம்புக்கல் மாவைப் புரட்ட வேண்டும். கடைசி நாலு வரிசைக்கு மாவு போதவில்லை. சுவருக்கு அடித்தது போக மிஞ்சிய சுண்ணாம்பு மூலையில் கிடந்தது. இதுவும் வெள்ளைதானே என்று புரட்டிவிட்டாள். அந்தக் காரம் உயிர்களைப் பொசுக்கிவிடும் என்று பரிசோதனைக் கூடத்து அம்மா சொன்னபோது விதைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இன்றுவரை அதை அண்ணனிடம் அவள் சொல்லவில்லை.

முடிவு கேட்க வந்த காகித ஆலைக்காரரின் வண்டி சாலையில் நின்றது.

அண்ணன் ஒரு செடியைப் பிடுங்கி உதறினான். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை.

"இதுக்காடி இருபத்தெட்டு நாள் காத்திருந்தேன்? வழிச்சு விட்ட மாதிரி இருக்கு!"

"அந்த நாலு வரிசை வேணாண்ணே. அது நான் கெடுத்தது."

சொன்னாள். சுவர்ச் சுண்ணாம்பைப் புரட்டியதையும் மறைக்கவில்லை. அவன் சிரித்தான்.

"மாட்டினதும் சுண்ணாம்பு மேல பழியா? உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"அந்த நாலைத் தள்ளி அடுத்த வரிசையைப் பாருண்ணே. பிடுங்காத, தோண்டு. பிடுங்கினா முடிச்சு மண்ணுலயே அறுந்துடும்."

"உத்தரவு வேற!"

என்றாலும் குந்தினான். மண்ணோடு பெயர்த்து விரலால் உதிர்த்தான். வேரைச் சுற்றி மிளகளவு முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினான். உள்ளே வெளுத்திருந்தால் அது வெறும் கட்டி, சிவந்திருந்தால் உயிருள்ளது என்பது அவளுக்குத் தெரியும். குனிந்து பார்த்தாள். ஈறு நிறத்தில் சிவந்து கசிந்தது.

"ஒண்ணு தப்பித்தவறி வந்திருக்கும்," என்று முனகியபடி அடுத்த வரிசைக்கு நகர்ந்தான். அங்கும் தோண்டினான். கீறினான். மறுபடி நகர்ந்தான். தோண்டிய செடிகள் வரப்பில் வாடத் தொடங்கின. போதும் என்று சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

வண்டியின் ஹாரன் இரண்டு முறை அலறியது. அண்ணன் தலை நிமிராமல், மண் அப்பிய கையை மட்டும் சாலைப் பக்கம் தூக்கிக் காட்டினான். பொறு என்றா, வா என்றா, அவளுக்குத் தெரியவில்லை. மறு கை மண்ணுக்குள்ளேயே இருந்தது.