மண்ணுக்குள் போகிற கரி

அண்ணி குழியின் விளிம்பில் நின்று நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் அகன்று அடி குறுகிய பெரிய குழி. உள்ளே முள்மரக் கட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. மேல் கட்டைகளில் வெள்ளை பூக்கத் தொடங்கும்போது அடுத்த அடுக்கைப் போட வேண்டும். பிந்தினால் கரி சாம்பலாகிவிடும். முந்தினால் புகை மண்டும்.

"போடு" என்றாள்.

நாத்தனார் கை நிறைய வைத்திருந்த கட்டைகளை வீசிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினாள்.

"புருவம் கருகிப் போச்சு அண்ணி. என்னைப் பொண்ணு பாக்க வர்றவன் கரிக்கட்டைன்னு நெனச்சு மண்ணள்ளிப் போட்டுட்டுப் போகப் போறான்."

"உன் வாயைப் புதைக்க இந்தக் குழி பத்தாது. தண்ணிக் குடத்தை எடு."

அந்தக் குழிக்கு அவர்கள் இருவர்தான். சுற்றிலும் இதேபோல் இன்னும் பல குழிகள், பல பெண்கள். எல்லோருக்கும் மேலே கழுத்தில் விசிலோடு ஒரு மேற்பார்வையாளர். அவருக்குப் பெயரே விசில்தான். தண்ணீர் ஊற்றி அணைத்த கரியை நொறுக்கி, சாணிக் கரைசலில் புரட்டி, வயலில் வெட்டிய சாலில் கொட்டி மூடுவார்கள். மண்ணுக்கு உரம் என்று விசில் முதல் நாளில் சொல்லியிருந்தார். வேறு யாரும் எதுவும் சொன்னதில்லை.

கரியை அள்ளிய பிறகு குழியின் அடியில் விரல் அளவுத் துண்டுகள் கொஞ்சம் கிடக்கும். அண்ணி அதைப் பழைய துண்டில் முடிந்து தூக்குவாளிக்கு அடியில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போவாள். அவள் கணவன் கல்லுடைக்கும் ஆலையில் வேலை பார்த்தவன். அந்தத் தூசி நெஞ்சிலேயே தங்கிவிட்டது. விறகுப் புகை கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுத்துக்கொண்டு கண் செருகிவிடும். கரி புகையாது. வாசற்படிக்கு வெளியே ஒரு சட்டியில் கரியை மூட்டி அதிலேயே சமைத்துவிடுவாள். கரி வந்த பிறகு அவன் படுத்துத் தூங்குகிறான். அதற்கு முன்பு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூக்கம்.

அன்று வெளியூரிலிருந்து கார் வந்தது. இறங்கியவள் இளவயதுக்காரி. தோளில் பை, கையில் ஒரு சின்ன இயந்திரம். விசில் காலையிலிருந்தே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"கணக்கெடுக்க வர்றாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். இந்த வேலையால என்ன நல்லது நடந்துச்சுன்னு கேட்டா மனசாரச் சொல்லுங்க. நல்லது நடந்தாதான் வேலை தொடரும், புரியுதா?"

வந்தவள் குழியருகே குந்தி உட்கார்ந்தாள். ஒரு கரித்துண்டைத் தட்டிப் பார்த்தாள். கண்ணாடி போலச் சத்தம் வந்தது.

"ரொம்ப நல்லா வந்திருக்கு அக்கா" என்றாள்.

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. நாத்தனார்தான் கேட்டாள்.

"இந்தக் கரியில அப்படி என்ன மேடம் இருக்கு, இவ்வளவு தூரம் வந்து பாக்க?"

"காத்துல கரியமில வாயு ஏறிக்கிட்டே போகுது. அதனாலதான் வெயில் இப்படிக் கொளுத்துது. மரம் அந்த வாயுவைக் குடிச்சு வளருது. மரத்தை எரிச்சா மறுபடியும் மேலயே போயிடும். கரியாக்கிப் புதைச்சா பல தலைமுறைக்கு மண்ணுலயே கிடக்கும். சில நாட்டுல காடு வளர்க்கிறாங்க. சில நாட்டுல பெரிய பெரிய விசிறி வச்சுக் காத்தை இழுத்து, வாயுவைப் பிரிச்சு, பாறைக்குள்ள அடைக்கிறாங்க. உலகம் முழுக்க இதுவரைக்கும் எவ்வளவு இறக்கியிருக்கோம்னு ஒரு அறிக்கை தயாராகுது. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"உலகம் பாஸா, ஃபெயிலா?"

அவள் சிரித்தாள். "பாஸ் மார்க் பக்கத்துல கூட வரல. ஏரியில ஒரு சொம்பு மொண்டிருக்கோம். அதுக்குள்ள பத்து வாய்க்கால் வந்து ஏரியில விழுது."

நாத்தனார் சாலை ஓரத்தைப் பார்த்தாள். கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் உள்ளே கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். அவள் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். அண்ணி அவள் முழங்கையில் இடித்தாள்.

வேலை செய்கிறவர்களின் ஒரு வீட்டையும் பார்க்க வேண்டும் என்றாள் வந்தவள். பக்கத்தில் இருந்தது அண்ணியின் வீடு. சுத்தமான வீடும்கூட. விசில் முன்னால் நடந்தார். பின்னால் வந்த அண்ணி நடையைத் தளர்த்தினாள். காலையில் மூட்டிய சட்டி வாசலிலேயே கிடக்கும். நாத்தனாருக்கு ஜாடை காட்டினாள். அவள் குறுக்கு வழியில் ஓடிப்போய்ச் சட்டியின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

ஒற்றை அறை. சுவரில் கரிப்பிசுக்கு இல்லை. கணவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். காரில் விருந்தாளி வருவது அந்த வீட்டுக்கு இதுதான் முதல் முறை.

"இந்த வேலை வந்த பிறகு உங்களுக்கு என்ன மாறியிருக்குண்ணா?" என்று கேட்டாள் அவள்.

அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. பேச மூச்சும் கிடையாது. ஆனால் மனைவியின் வேலை இந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது என்பது அவனுக்குப் புரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான். அண்ணி புருவத்தைத் தூக்கியதையும் வேண்டாம் என்று தலையை ஆட்டியதையும் அவன் பார்க்கவில்லை.

"எல்லாமே மாறிப்போச்சும்மா" என்றான். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டான். "முன்னாடி அடுப்பு மூட்டினா நான் செத்துப் பொழைப்பேன். இப்ப இவ கொண்டு வர்ற கரியிலதான் சமையல். புகையே இல்ல. நான் உசிரோட உக்காந்திருக்கேன்னா உங்க கரியாலதான்."

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.  தூரத்தில் காரின் உறுமல் கேட்டது.

வந்தவள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"இத்துனூண்டு மேடம். குழி அடியில மிஞ்சுற துண்டுதான்" என்றாள் நாத்தனார்.

"எரிச்சா மேல போயிடும்னு இன்னிக்கு நீங்க சொல்லித்தான் தெரியும்" என்றாள் அண்ணி. "கரி கரிதானேன்னு எடுத்துட்டேன்."

"எனக்குப் புரியுது அக்கா." அவள் குரல் இறங்கியிருந்தது. "ஆனா ஒரு வீட்டுல எரியுதுன்னா எல்லா வீட்டுலயும் எரியுதான்னு கேப்பாங்க. அப்புறம் இந்த இடத்துக் கணக்கையே எடுத்துக்க மாட்டாங்க. எல்லாருக்கும் வேலை போயிடும். தெரிஞ்சும் நான் எழுதாம இருக்க முடியாது."

"எழுதுங்க மேடம்" என்றார் விசில். "அப்படியே, தப்பைச் சரி பண்ணிட்டோம்னும் எழுதிக்குங்க. நாளையிலேர்ந்து இந்தம்மா வர மாட்டாங்க."

வந்தவள் கட்டிலில் இருந்தவனைப் பார்த்தாள். "இவருக்குப் புகையில்லாத அடுப்பு ஏதாவது ஏற்பாடு பண்ண முடியுமான்னு கேட்டுப் பாக்கறேன்" என்றாள். யாரிடம் கேட்பாள் என்று அவள் சொல்லவில்லை. வெளியே போகும்போது கவிழ்த்து வைத்திருந்த கூடையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் விசில் ஊதியதும் நாத்தனார் வாசலில் தயங்கி நின்றாள்.

"நானும் போகல அண்ணி."

"ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்தா உங்க அண்ணனுக்கு மாத்திரையை யாரு வாங்குவா? கிளம்புடி."

"நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றான் அவன் உள்ளிருந்து.

"பேசாதீங்க. மூச்சை வச்சுக்குங்க."

அன்றிலிருந்து குழிப்பக்கம் புது ஒழுங்கு வந்தது. யாரும் கரியை எடுத்துப்போய் எரிக்க முடியாதபடி, நெருப்பு அணைந்த உடனே குழிக்குள்ளேயே சாணிக் கரைசலை ஊற்றினார்கள். நாத்தனாரோடு வேறொரு பெண் வந்து நின்றாள். வெள்ளை பூக்கும் நேரம் அவளுக்குப் பிடிபடவில்லை. முதல் குழி பாதி சாம்பலாகிக் காற்றில் பறந்தது.

சாயங்காலம் பெண்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். விசில் வயல் வாசலில் நின்று தூக்குவாளிகளைத் திறந்து பார்த்தார். நாத்தனாரின் முறை வந்தது.

"முந்தானையை உதறும்மா."

உதறினாள். சுருக்கத்தில் சிக்கியிருந்த ஒரு கரித்துண்டு தரையில் விழுந்தது. நகத்தளவுகூட இராது. விசில் குனிந்து அதை எடுத்து, ஊதித் தூசி தட்டி, பக்கத்திலிருந்த மூட்டைக்குள் போட்டார்.

எதிரே அண்ணியின் வீட்டுக் கூரை இடுக்குகளிலிருந்து ஈர விறகின் புகை தடியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்தாள் அண்ணி. காற்று கட்டில் பக்கமாகத்தான் வீசியது. அவனுடைய இருமல் சத்தம் வயல் வாசல்வரை கேட்டது.

"அடுத்த ஆள் வா" என்றார் விசில்.