ஒண்டிக்கட்டை

எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றோம். மேஸ்திரி தன் செல்போன் வெளிச்சத்தை ஒவ்வொரு வாய்க்குள்ளும் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நாக்கைத் தூக்கச் சொன்னார். கன்னத்தை உள்ளிருந்து தள்ளிக் காட்டச் சொன்னார். என் முறை வந்தபோது கடிகாரம் ஒன்றைத் தாண்டியிருந்தது. மூன்று மணிக்கு நான் ஊரின் மறுகோடியில், முதியோர் இல்லத்தில் இருந்தாக வேண்டும். மருந்துப் பெட்டிகளை வரிசையாக வைத்துப் படிக்கச் சொல்வார்களாம். தடுமாறாமல் படித்துவிட்டால் உதவியாள் வேலை. ஜன்னல் உள்ள அறை, உட்கார நாற்காலி, யார் வாயையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. அரை நாள் லீவு கேட்டதற்கே மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு இப்போது ஒரு முத்து வேறு காணாமல் போயிருந்தது.

எங்கள் பட்டறையில் முத்து காணாமல் போனால் கதவு பூட்டப்படும். அது கிடைக்கும்வரை ஒருத்தியும் வெளியே போகக் கூடாது. சாவி மேஸ்திரியின் இடுப்பில் இருக்கும். முதலாளி போட்ட சட்டம். அதற்காகவே எங்கள் மேலங்கிகளில் பை கிடையாது, கொண்டையும் போடக் கூடாது, வீட்டுக்குப் போகும்போது வாசல்காரம்மா ஒவ்வொருத்தியையும் சோதனை போட்டுத்தான் அனுப்புவாள். காணாமல் போனதும் சாதாரண முத்து இல்லை. கம்மலுக்காக ஜோடி சேர்த்து வைத்திருந்ததில் ஒன்று. நிறம், பருமன், பளபளப்பு எல்லாம் ஒத்த இரண்டு முத்து அமைவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். ஒன்று போனால் மற்றதும் வீண். ஜோடி இல்லாத முத்துக்கு எங்களிடம் ஒண்டிக்கட்டை என்று பேர். அந்த ஒண்டிக்கட்டை இப்போது கறுப்புத் துணியின் மேல், எல்லோரும் பார்க்கும்படி, தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தது.

மேஸ்திரி எனக்குப் பக்கத்தில் நின்றவளிடம் வந்தார். அவள் துளை போடுகிறவள். நாள் முழுக்க வாய் ஓயாததால் எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுவோம். அவள் மேஸ்திரியின் தம்பி மனைவி. காலையில் அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வருவாள், மாலையில் அதே ஸ்கூட்டரில் போவாள். அவள் புருஷன் வெளியூரில் லாரி ஓட்டுகிறான். வீட்டுச் சாவி மாமியாரிடம், பட்டறைச் சாவி இவரிடம். செல்போனைத் தூக்கிய மேஸ்திரி, தம்பி பெண்டாட்டியிடம் வாயைத் திற என்று சொல்லச் சங்கடப்பட்டு, அடுத்தவளிடம் போய்விட்டார்.

"அவங்க வீட்டுப் பொண்ணு வாய் மட்டும் என்ன கண்ணாடியா? வெளியிலேருந்தே தெரியுதா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மேஸ்திரியின் காது சிவந்தது. "வாசல்காரம்மா சாப்பிட்டுட்டு வரட்டும். மறுபடி முதல்லேருந்து பாக்கச் சொல்றேன். எங்க வீட்டுப் பொண்ணையும் சேத்துத்தான். போதுமா?"

இதற்கு ரேடியோ ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முத்தைக் காணோம் என்று கூச்சல் எழுந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மா ஒரு கொசு பறந்தாலே அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுகிறவள். உதடுகளை அழுத்தி மூடி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இடது கன்னம் மட்டும் ஏதோ இனிப்பு மிட்டாயை அடக்கி வைத்தமாதிரி கொஞ்சம் இறுகியிருந்தது.

இதை ஆரம்பித்து வைத்தது நான் வாசித்துக்கொண்டிருந்த புத்தகம்.

மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட பிறகு, டீச்சர் கொடுக்கிற புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப் போவேன். எதைத் திறந்தாலும் முத்துதான். அழகியின் பல் முத்து, அவள் அழுதால் கண்ணீர் முத்து, உழைப்பாளியின் நெற்றியில் வேர்வை முத்து. வந்து சொன்னால் ரேடியோ விழுந்து விழுந்து சிரிப்பாள். "அப்ப நம்ம வேர்வையையும் தராசுல போடச் சொல்லுங்கக்கா, முதலாளி கோடீஸ்வரர் ஆயிடுவாரு." அவள் சொல்வது சரிதான். அந்தப் புத்தகங்களில் முத்துக்கு யாரும் துளை போடுவதில்லை. அது தானாகவே மாலையாகிவிடும்.

கடைசியாகக் கொடுத்தது முத்துக்குளிக்கிறவன் கதை. கப்பல்காரன் ஒருவனிடம் அடிமையாகக் கிடக்கிறான். ஒருநாள் கடலடியில் புறா முட்டை மாதிரி ஒரு முத்து அகப்படுகிறது. மேலே வருவதற்கு முன்பே அதை விழுங்கிவிடுகிறான். எனக்கு வேகமாகப் படிக்க வராது. இரவு படித்ததை மறுநாள் வேலை செய்தபடியே சொல்வேன். மெஷின் சத்தத்திலும் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள், மேஸ்திரி உட்பட. ரேடியோ ஒருத்திதான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருப்பாள். "கரையேறினதும் எங்கக்கா போவான்? அவனுக்கு யாராவது இருக்காங்களா? கப்பல்காரன் தேடி வர மாட்டானா?" இன்று காலையில் கூட, மேலங்கி மாட்டும்போதே கேட்டாள். "தப்பிச்சானா?"

"நேத்து கரன்ட் இல்லடி. படிக்கல" என்றேன்.

"பரவாயில்ல. தப்பிச்சிருப்பான்" என்றாள்.

இப்போது மேஸ்திரி கதவுக்குக் குறுக்கே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெருக்கியாகிவிட்டது. துளை மெஷினுக்கடியில் உள்ள தண்ணீர்க் கிண்ணத்தைத் துழாவியாகிவிட்டது. முத்துத் தூள் கரைந்து அந்தத் தண்ணீர் எப்போதும் பால்போல இருக்கும், கையை விட்டால்தான் தெரியும். கடிகாரத்தை நான் பார்த்ததை மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"என்ன கதைக்காரி, அவசரமா? எல்லாம் நீ சொன்ன கதையால வந்த வினை. முழுங்கினானே உன் ஆளு, அவன் என்ன ஆனான்? அதையாவது சொல்லு, பொழுது போகட்டும்."

ஒரு வார்த்தை போதும். இவள் கன்னத்தைப் பாருங்கள் என்றால் கதவு திறந்துவிடும். நான் ஓடிப் போய் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ரேடியோவின் கழுத்தில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. அவள் எங்கே போவாள்? போலீஸுக்குக் கூடப் போக வேண்டாம், அந்த ஸ்கூட்டரில் ஏறி அந்த வீட்டுக்குப் போனாலே போதும்.

"துப்பிட்டான்" என்றேன்.

"என்னது?"

"கப்பல்காரன் எல்லாரையும் ஒரே அறையில போட்டுப் பூட்டிட்டான். ஒருத்தன் செஞ்சதுக்கு அத்தனை பேரும் உள்ள. இவனுக்கு முழுங்கினது தொண்டையிலேயே நிக்குது. தண்ணி கேட்டான். குடிக்கிற மாதிரி குடிச்சு, குவளைக்குள்ளயே விட்டுட்டான். பக்கத்துல இருந்தவன் குவளையை வாங்கி, யாரும் பாக்காதப்ப அழுக்குத் தண்ணியில ஊத்திட்டான். அப்புறம் தேடினா அங்க கிடந்துச்சு. யாரு எடுத்தான்னு யாருக்கும் தெரியல. கதவைத் திறந்துட்டாங்க."

"அவ்வளவுதானா?" என்றார் மேஸ்திரி.

"இதுக்கா இத்தனை நாளு இழுத்தே? சப்புன்னு ஆயிடுச்சே" என்றாள் பின்னாலிருந்தவள்.

நான் எழுந்து பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டேன். துளை மெஷின் பக்கமாக வந்து, மேஸ்திரிக்கு முதுகைக் காட்டி நின்று, ரேடியோவிடம் நீட்டினேன். கிண்ணம் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"குடிம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்க முடியாதே. வலது கையை லேசாகத் தூக்கி, காற்றில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். புத்தகத்தில் அப்படியா போட்டிருக்கிறது?

தலையை ஆட்டினேன். ஆமாம்.

அவள் கண்கள் என் முகத்திலேயே நின்றன. காலையில் நான் சொன்னது அவளுக்கு மறந்திருக்காது. நேற்று கரன்ட் இல்லை. அந்தப் பக்கத்தை நான் இன்னும் திறக்கவேயில்லை.

வெளியே வாசல்காரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினாள். மேஸ்திரி பெஞ்சைத் தள்ளிவிட்டு எழுந்தார். ரேடியோ டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, உதட்டில் வைத்து, தலையைப் பின்னால் சாய்த்தாள். எவர்சில்வரில் எதுவோ வந்து விழும் சிறு சத்தத்துக்காக நான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் தொண்டை ஏறியது. ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது.

டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"அக்கா," என்றாள், எப்போதும் பேசுகிற குரலில். "நீங்க மூணு மணிக்குப் போகணுமே."

நான் டம்ளருக்குள் பார்த்தேன். பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. அடியில் வெள்ளையாக, உருண்டையாக, மெல்ல ஆடிக்கொண்டு ஒன்று கிடந்தது. விரலை விட்டேன். அது உடைந்து சிதறியது, விரலை எடுத்ததும் மறுபடி ஒன்று சேர்ந்து உருண்டையானது. மெஷினுக்கு மேலே தொங்கிய பல்பின் பிம்பம்.