திரும்பியவை

அமில்காருக்குக் கண் முற்றிலும் இருண்டுபோவதற்குள் ஓர் ஆசை மிச்சமிருந்தது. மொந்தேவிதேயோ நாணயக் கழகத்தின் அக்டோபர் கண்காட்சியில் ஒரு கண்ணாடிப் பேழை. அதன்மேல் அவர் பெயர். சேகரித்த காசுகளின் படங்களைப் பார்த்துத்தான் கழகம் தேர்ந்தெடுக்கும். படமெடுக்கும் பொறுப்பை, நாற்பதாண்டு இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்ற தங்கை ஒதிலியா ஏற்றுக்கொண்டாள்.

"ஊதாதே, துடைக்காதே. மத்ததெல்லாம் உன் இஷ்டம், வாத்தியாரம்மா" என்றார் அவர்.

அவள் பருத்திக் கையுறை அணிந்து, ஒவ்வொரு காசையும் விளிம்பில் பிடித்து, நாடுவாரியாக அடுக்கினாள். பச்சை பூக்கத் தொடங்கிய பிளாஸ்டிக் உறைகளைக் களைந்து காகித உறைகளில் இட்டாள். முன்புறம் ஒரு படம், பின்புறம் ஒரு படம். கோணலாக விழுந்த படங்களை அளவுகோல் வைத்து நிமிர்த்தினாள்.

கடைசி இழுப்பறையில், ஒரே ஆண்டின் ஒரு பெசோ காசுகள் ஏழு இருந்தன. அட்டையில் அமில்காரின் கிறுக்கல்: 'திரும்பியவை.' எங்கிருந்து திரும்பியவை என்று இல்லை. மாற்றிக்கொள்ளக் கொடுத்து, வேண்டாமென்று திரும்பி வந்தவை என அவள் பொருள்கொண்டாள். கேட்டிருக்கலாம். கேட்டால், இதுகூடத் தெரியவில்லையா என்பார். படமெடுத்துப் பார்த்தாள்; ஏழுக்கும் வேறுபாடில்லை. அந்தப் படங்களை ஒதுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஏழு காசுகளோடு தன் பணத்தையும் சேர்த்துக் கொடுத்து, பேழையில் எடுப்பாயிருக்கும் என்று ஒரு வெள்ளிக் காசு வாங்கிவந்தாள்.

மற்ற படங்கள் கழகத்துக்குப் போன மறுநாள்தான் அமில்கார் அந்த ஏழு காசுகளைப் பற்றிக் கேட்டார். அவள் நடந்ததைச் சொல்லி, வெள்ளிக் காசை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"தலையை நேரா வெச்சு காசைத் திருப்பினா, பின்பக்கம் சாஞ்சு கிடக்கும். அடிக்கிறப்பவே அச்சு திரும்பிப்போன காசு. ஏழும் ஏழு சாய்வு. முப்பது வருஷமாப் பொறுக்கினேன். படமாவது இருக்கா?"

"இருக்கு, அண்ணே. ரெண்டு பக்கத்தையும் நேரா நிமிர்த்தி வெச்சிருக்கேன்."

"நிமிர்த்திட்டியா" என்று மட்டும் சொன்னார்.

அவள் சந்தைக்கு ஓடினாள். காதணி செய்யும் ஒருத்தி அள்ளிக்கொண்டு போய்த் துளையிட்டும் விட்டாள் என்றார் கடைக்காரர்.

செப்டம்பரில் கழகத்தின் கடிதம் வந்தது. படங்களின் ஒழுங்கு முன்மாதிரியானது; திரட்டில் குறிப்பிடத்தக்க காசு எதுவும் இல்லை; படமெடுத்தவர் விரும்பினால், தேர்வானவர்களின் காசுகளைப் படமெடுத்துத் தரலாம். நடு வாக்கியத்தை விட்டுவிட்டு வாசித்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. வாக்கியத்தை விட்டு வாசிக்க ஒதிலியாவுக்கு வரவில்லை.

"சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார் அமில்கார். "உன்னைக் கூப்பிடறாங்க. போ."

திங்கட்கிழமை அவள் கையுறையை எடுத்துக்கொண்டு போனாள். அவளுடைய வேலையைப் பாராட்டி ஒருவர் எழுதியது அதுவே முதல் தடவை.