தலைக்கு நேர் மேலே

ஆகாயத்தில் போகிற அத்தனை விமானங்களையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறவர் என் அத்தான்தான். இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். எங்கள் வீட்டில் யாரும் மறுக்கவில்லை. மறுக்கிற அளவுக்கு யாருக்கும் விவரம் போதாது.

அவர் வேலை பார்ப்பது ஊருக்கு வெளியே, புல்வெளி நடுவில் இருக்கும் ஒற்றை அறைக் கட்டடத்தில். கூரைமேல் கவிழ்த்துவைத்த வாளி மாதிரி ஒரு வெள்ளைக் கூம்பு. அதுதான் பீக்கன். அதிலிருந்து ரேடியோ அலை சுற்றிலும் போகும். விமானத்தில் ஒரு முள் அதை வாங்கி, பீக்கன் எந்தத் திசையில் இருக்கிறது என்று விமானிக்குக் காட்டும். பக்கத்து வீட்டுக்காரர் இன்றுவரை அத்தானை வாட்ச்மேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா நர்ஸ். ரெண்டு வருஷ ஒப்பந்தத்தில் வெளிநாடு கிளம்பினாள். போகிறவள் கேட்டது ஒன்றே ஒன்று: விமான நிலைய வேலியோரம் வந்து நின்று கையாட்ட வேண்டும். அத்தான் சிரித்துவிட்டார். அங்கே கையாட்டுகிறவர்கள் எல்லாம் காக்கா விரட்டுகிறவர்களாம். அவள் விமானம் போவதே அவர் பீக்கன் மேலேதானாம். மற்றவன் வேலியோடு நின்றுவிடுவான், அவர் நூறு மைல் கூடவே வருவாராம். லீவு போடவில்லை. அக்கா சண்டையும் போடவில்லை. அது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும். அத்தானுக்கு ஏதாவது முள் காட்டினால்தான் தெரியும்.

அவளை உள்ளே அனுப்பிவிட்டு, வீட்டுச் சாவியைக் கொடுக்க நேராக பீக்கனுக்குப் போனேன். அழுதாளா என்று கேட்டார்.

"இல்ல அத்தான். வேலிப் பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாத்தா."

சாவியைப் பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். பிறகு பேச்சை மாற்ற பீக்கன் புராணத்தை ஆரம்பித்தார். மழையிலும் கேட்குமாம், மேகத்துக்குள்ளும் கேட்குமாம். ஒரே ஒரு இடத்தில்தான் உதவாதாம்: தலைக்கு நேர் மேலே. அங்கே வந்தால் முள் எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் முழிக்கும், தாண்டினதும் தெளிந்துவிடும்.

"அப்போ அக்கா நேர் மேல வர்றப்போ நீங்க அவகூட இல்ல."

"கொஞ்ச நேரம்தான்டா."

"இல்லதானே?"

மீட்டரைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நீ இங்கயே இரு. சிவப்பு லைட் எரிஞ்சா கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அந்த லைட் எரிந்தால் கூடவே அடிக்கிற மணியில் செத்தவனும் எழுந்து உட்காருவான் என்று சற்றுமுன்தான் பெருமையடித்திருந்தார். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

தூரத்தில் புல் வெட்டுகிறவர் முதுகைக் காட்டி நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். விமானச் சத்தம் நெருங்கியது. போட்டிருந்த ஆரஞ்சு கோட்டைக் கழற்றினார். கூம்புக்கு நேர் மேலே விமானம் வந்தபோது, கோட்டை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து ஆட்டினார்.

நேர் கீழே நிற்கிறவனை சன்னலோர சீட்டிலிருந்து பார்க்கவே முடியாது. எங்கள் குடும்பத்திலேயே அது நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

விமானம் புள்ளியாகிற வரை காக்கா விரட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு லைட் எரியவில்லை. நானும் கூப்பிடவில்லை.