தேவமணியின் கல்லில் என்ன எழுதுவது

1

“அப்போ போப்பே தன்னை வேலைக்காரன்னுதான் எழுதிக்கிட்டாரா?”

“தேவனுடைய ஊழியர்களுக்கு ஊழியன். லத்தீன்ல அப்படித்தாம்மா இருக்கு. அது அவரே தனக்குப் போட்டுக்கிட்டது. மத்தவங்க அவரை அப்படிக் கூப்பிடல.”

“சி.எஸ்.ஐ.காரிக்குப் போப்போட என்னளா சோலி?”

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான், ராதாபுரம் பக்கம் துக்கம் கேட்கப் போன வீட்டில். முதலில் பேசியவர் கிரேஸ் அத்தை. பதில் சொன்னது அவர் மகள் டெபோரா, என் சிநேகிதி. ஆரம்ப இடைக்காலத்து லத்தீன் திருச்சபைக் கடிதங்களில் போப்புகளின் பட்டங்களை ஆராய்கிறவள். கேலி செய்தது அவள் அண்ணன் ஜெபஸ்டின்; சி.எஸ்.ஐ. போப்பின் கீழ் வராத புராட்டஸ்டன்ட் சபை. பேச்சு, இறந்துபோன அப்பா தேவமணி உபதேசியாரின் கல்லறைக் கல்லைப் பற்றியது.

2

தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். ‘ரோமாபுரியில் பனி பெய்த காலையில், ஓர் எழுத்தர் இறகை—’

வேண்டாம். நான் பார்த்த பனியெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்களில் பெய்தது.

(எங்கள் பக்கத்துச் சபைகளில் குருப்பட்டம் பெற்றவரை ஐயர் என்போம். பட்டமில்லாமல் ஊரோடு இருந்து ஜெபம் நடத்துகிறவர் உபதேசியார். தேவமணிக்குக் கடைசிவரை குருப்பட்டம் கிடைக்கவில்லை. ஊர் மட்டும் அவரை ஐயரே என்றுதான் கூப்பிட்டது.)

கல்லில் ‘ஐயர்’ என்று வெட்ட வேண்டும் என்பது கிரேஸ் அத்தையின் ஆசை. சபைக் கமிட்டி தயங்கியது. “டெபோரா பட்டத்தப் பத்தித்தான படிக்கா, அவ சரின்னா போட்டுக்கிடுங்க” என்றார் செயலாளர்.

3

“ஏளா, போப்புங்கிறதே லத்தீன் ‘பாப்பா’தான், அப்படின்னா அப்பான்னு நீதான சொன்ன. முதல்ல பல பிஷப்பையும் பாசமா அப்படிக் கூப்பிட்டாங்கன்னு. இதும் அப்படித்தான். சரின்னு சொல்லிட்டுப் போயேன்,” என்றான் ஜெபஸ்டின்.

“பிறகு அது ரோம் பிஷப்புக்கு மட்டும்னு ஆயிட்டுல்லாண்ணே. எழுதுன காலத்துல என்ன அர்த்தமோ அதத்தான் படிக்கணும். அப்பா காலத்துல ஐயர்னா பட்டம் வாங்குனவர். நாளைக்கு இந்தக் கல்லும் ஒரு ஆவணம். அதுல பொய் இருக்கக் கூடாது.”

“அப்பாவும் உனக்கு ஆவணந்தானா?”

டெபோரா அழுதாள் என்று முதலில் எழுதினேன். அழவில்லை. தட்டிலிருந்த பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, இரண்டையும் தட்டிலேயே வைத்தாள். மறுநாள் கமிட்டியிடம் ‘உபதேசியார்’ என்றே சொல்லிவிட்டாள். கல்லும் அப்படியே வெட்டப்பட்டது.

4

வேறு முடிவுகள் யோசித்தேன். ஊர் கூடி வேறு கல் வைக்கிறது. (வைக்கவில்லை.) டெபோரா மனம் மாறி, கல்வெட்டுகிறவரிடம் ஓடி—

மாறவில்லை. அவள் படித்ததில் தப்பில்லை. அதனால்தான் அந்த வீட்டில் யாராலும் அவளைத் திட்டக்கூட முடியவில்லை.

கல் நட்ட அன்று ஜெபம் முடிந்து, “ஐயருக்கு நல்ல நிழலான இடம்” என்று பேசிக்கொண்டே ஆட்கள் கலைந்தார்கள். டெபோரா கல்லருகே தனியாக நின்றாள். கிரேஸ் அத்தை என் கையைப் பிடித்துப் பைய ஓரமாகக் கூட்டிப்போனார்.

“நீ கதை எழுதுதியாமே.”

“ஆமா அத்தை.”

“கல்லுலதான் பொய் கூடாதாம். கதையில குத்தமில்லைல்லா? அதுலயாவது அவர ஐயர்னு எழுதுதியா?”