வாசனை நிக்கணும்

அக்குளில் இடுக்கிய கோடிப் புடவையை எடுக்காமலே சக்கரவர்த்தி வாசலில் நின்று கத்தினான்.

"நான் கோடி போட மாட்டேன். எந்தங்கச்சி எதனால செத்தான்னு மொதல்ல சொல்லட்டும்."

பிறந்த வீட்டுக் கோடி விழாமல் பிணத்தைத் தூக்க முடியாது. குழி வெட்டியவர்கள் கைகால் கழுவிவிட்டு வந்து காத்திருந்தார்கள். உள்ளே பாய்மேல் செந்தாமரை கிடந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகள் அருணா, அம்மாவின் வாயோரம் மொய்த்த ஈயை விரட்டிக்கொண்டே மாமனின் சத்தத்தைக் கேட்டாள்.

"மூச்சுதான் மச்சான் முட்டிக்கிச்சு. ஜீப்பு புடிச்சி வர்றதுக்குள்ள..." என்று இழுத்தான் அருணாவின் அப்பா தீர்த்தகிரி.

"மூச்சு முட்டிக்கிச்சாம்! கல்யாணம் ஆனதுலேர்ந்து பீடிப் பொகைய ஊதி ஊதி அவ நெஞ்சுல ஏத்துனது யாரு? புளியமரத்துல ஏறி உலுக்குனா ஊரே வேடிக்கை பாக்கும். அப்பிடி இருந்தவய்யா அவ!"

பாய்ந்துபோய் தீர்த்தகிரியின் சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டை உருவி முற்றத்தில் வீசினான். பீடிகள் மண்ணில் சிதறின. தீர்த்தகிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான், தானேதான் கொன்றுவிட்டவன்போல.

அருணாவுக்குத் தெரியும். அப்பா வீட்டுக்குள் பீடி பற்றவைத்து எவ்வளவு காலமாயிற்று! ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டது ரெண்டே கேள்வி. விறகடுப்பா? வீட்டுக்காரர் பீடி குடிப்பாரா? ரெண்டுக்கும் ஆமாம் என்று அம்மா தலையாட்டியதோடு விசாரணை முடிந்தது. அப்பா மறுநாளே அடுப்பை இடித்துப் போட்டார். காஸ் வந்தது. கொட்டுகிற மழையிலும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்த்தான் பீடி குடித்தார். அம்மாவின் இழுப்பு மட்டும் போகவில்லை. நீ என்ன வேலைக்குப் போகிறாய் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

அம்மாவுக்குச் சுற்றுலா விடுதியில் அறை கழுவும் வேலை. கக்கூஸுக்கு ஒரு ஸ்பிரே, கண்ணாடிக்கு ஒன்று, மெத்தைக்கு ஒன்று. ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் அடிக்க வேண்டும். கெஸ்ட் கதவைத் திறக்கும்போது வாசனை நிற்க வேண்டும் என்பது மேனேஜரின் சட்டம். கொள்ளு பிடுங்க லீவு போட்ட நாட்களில் அம்மா ராத்திரி முழுக்கத் தூங்குவாள். வேலைக்குத் திரும்பிய அன்றே நெஞ்சு விசிலடிக்கும்.

"அந்த ஸ்பிரே தண்ணிதாம்மா உனுக்கு ஒத்துக்கல" என்று அருணா ஒருநாள் சொன்னாள்.

"போடி பைத்தியம். வாசனையில யாராவது சாவாங்களா?" என்று சிரித்தாள் அம்மா. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வெளியே ஜீப் வந்து நின்றது. மேனேஜர் மாலையோடு இறங்கினான். மூக்கில் கைக்குட்டை. மாலையைக் கால்மாட்டில் வைத்துவிட்டு, பிணத்தைச் சுற்றி அழுதுகொண்டிருந்த ரத்தினம்மாளையும் தேவயானியையும் கண்ணம்மாவையும் பார்த்தான். மூன்று பேரும் செந்தாமரையோடு அறை கழுவுகிறவர்கள்.

"எடுத்ததும் மூணு பேரும் வண்டியில ஏறிக்குங்க. சாயங்காலம் கெஸ்ட் வர்றாங்க. அங்க வந்து குளிச்சிக்கலாம்."

பிறகு டிரைவரிடம் திரும்பினான். "வாடை வருது பாரு. வண்டியில இருக்கறத எடுத்தாந்து அடி. ஜன்னலச் சாத்துங்கம்மா, வாசனை நிக்கணும்."

ரத்தினம்மாள் கண்ணீர் வழிய எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். யார் வீடு, யார் பிணம் என்ற நினைப்பே இல்லை. அந்தக் குரல் சொன்னால் அந்தக் கை சாத்தும்.

டிரைவர் நாலு மூலையிலும் புஸ் புஸ்ஸென்று அடித்தான். எலுமிச்சை வாசனை வீட்டை நிறைத்தது. உறவுக்காரப் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். தேவயானியின் ஒப்பாரி பாதியில் அறுந்தது. இருமினாள். அடுத்து கண்ணம்மா. ஜன்னலிலிருந்து திரும்பிய ரத்தினம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். மூன்று நெஞ்சும் விசிலடித்தன. அருணாவுக்குத் தெரிந்த விசில்.

சத்தம் கேட்டுச் சக்கரவர்த்தி நிலைப்படிக்கு வந்தான். ஒவ்வொருத்தியாகப் பார்த்தான்.

"இன்னாம்மே இது, மூணு பேருக்கும்? உங்க வூட்டு ஆம்பளைங்களும் பீடியா?"

ரத்தினம்மாள் மூச்சைப் பிடித்துப் பிடித்துச் சொன்னாள். "எனுக்கு வூட்டுக்காரரே... இல்லண்ணா. கல்யாணமே... கட்டல."

விடுதிக்கு வேலைக்குப் போன நாலு பேரில் இருமாமல் கிடந்தது செந்தாமரை ஒருத்திதான்.

மேனேஜர் அருணாவிடம் குனிந்து தணிந்த குரலில் சொன்னான். "வருத்தந்தாம்மா. காரியம் முடிஞ்சதும் நீ வந்துடு. அம்மா எடத்த உனுக்குத்தான் வெச்சிருக்கேன்."

அருணா எழுந்தாள். ஜன்னலைத் திறந்தாள். கொல்லைக் கதவையும் திறந்தாள்.

"ஏம்மா, இப்பதான அடிச்சோம்..."

"எங்கம்மா மோந்த வாசனை போதும் சார்."

சக்கரவர்த்தி டிரைவரின் கையிலிருந்த புட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அக்குளிலிருந்த கோடியை உதறிப் பிரித்துத் தங்கையின்மேல் போர்த்தினான். முகத்தருகே துணியைச் சரிசெய்யும்போது அவன் கை ஒருகணம் அவள் நெஞ்சின்மேல் நின்றது. எழுந்து முற்றத்துக்குப் போய்க் குத்துக்காலிட்டு, சிதறிய பீடிகளைப் பொறுக்கினான். மண்ணை ஊதி ஊதித் துடைத்துத் தீர்த்தகிரியின் பையில் வைத்தான்.

"வா மாப்ள. தூக்கலாம்."

பாடை கேழ்வரகுக் கொல்லையோரம் இறங்கி மறைந்தது. பெண்கள் ஊர்முனையோடு நின்றுகொண்டார்கள். பின்னாலேயே ஜீப் வந்து நின்றது. டிரைவர் பின்கதவைத் திறந்துவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

"ரத்தினம்மா, நேரமாவுது" என்றான் மேனேஜர், முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமல்.

மூன்று பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். கண்ணம்மாவின் கால் ஓரடி முன்னால் போய் நின்றது.

அருணா அவர்களைத் தாண்டிப் போய் ஜீப்பின் கதவைச் சாத்தினாள். கொக்கி விழவில்லை. திறந்து, இன்னொரு தடவை ஓங்கிச் சாத்தினாள்.